காணாமல் போன போல்ட்
(லீன் உற்பத்தி முறை – ஓர் அறிமுகம்)



ஒர்க்ஷாப் வகுப்பில் மூன்று மணி நேரம் லேத் முன்னால் நிற்கிறோம். அதில் ஜாப்பைக் கடைவது எவ்வளவு நேரம்? சக் கீயை யார் எடுத்துட்டுப் போனாங்கன்னு தேடுவது, வெர்னியருக்குக் காத்திருப்பது, டூலுக்கு அடியில் தகடு வைத்து சென்டர் உயரம் பார்ப்பது என்றே பெரும்பொழுது போய்விடுகிறது. சிரிக்க வேண்டாம். ஜப்பானில் பெரிய தொழிற்சாலைகளிலும் இதே கதைதான் நடந்தது.

லீன் என்றால் என்ன?

லீன் என்றால் கொழுப்பு இல்லாத, மெலிந்த என்று பொருள். டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த உற்பத்தி முறைக்கு 1988-ல் ஜான் கிராஃப்சிக் என்ற ஆய்வாளர் வைத்த பெயர் இது. வாடிக்கையாளர் எதற்குக் காசு கொடுக்கிறாரோ அதுதான் வேலை, மற்றதெல்லாம் விரயம். ஓனோ 7 விரயங்களைச் சொன்னார்: தேவைக்கு மேல் உற்பத்தி, காத்திருத்தல், வீண் போக்குவரத்து, தேவையற்ற செயல்முறை, அதிக இருப்பு, வீண் அசைவு, குறையுள்ள பொருள். இவற்றுள் மிக மோசமானது முதலாவதுதான் என்றார்.

ஒரு சின்னக் கணக்கு

தேவைக்கு மேல் ஏன் செய்கிறார்கள்? டை மாற்ற 120 நிமிடம், ஒரு பீஸ் அடிக்க 1 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 100 பீஸ் அடித்தால் ஒன்றுக்கு 2.2 நிமிடம். 1000 அடித்தால் 1.12 நிமிடம்தான். உடனே, "ஒரேயடியா ஆயிரம் அடிச்சுடு" என்போம். ஆர்டரோ 100-க்குத்தான்!

பயிற்சிக்குப் போன ஒரு சிறிய பிரஸ் ஷாப்பில் இதை நேரில் பார்த்தேன். மூலையில் துருப்பிடித்த பிராக்கெட் குவியல். முதலாளி சொன்னார்: "சரக்கு நிறைய இருக்கு தம்பி, சம்பளம் போடத்தான் காசு இல்ல."

டை மாற்றும் நேரத்தை 10 நிமிடமாக்கினால்? 100 பீஸுக்கே ஒன்றுக்கு 1.1 நிமிடம். ஆயிரம் அடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஷிங்கோ கண்டது

1950-ல் ஹிரோஷிமாவில் டோயோ கோக்யோ தொழிற்சாலைக்கு (1984 முதல் மாஸ்டா) ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் போனார். பெரிய பிரஸ்களால் உற்பத்தி தேங்கியது. புதிதாக பிரஸ் வாங்கலாம் என்பது அங்கிருந்தவர்கள் எண்ணம். ஷிங்கோ ஸ்டாப் வாட்ச்சுடன் நின்று பார்த்தார். 800 டன் பிரஸ்ஸில் டை மாற்றும்போது ஒரு போல்டைக் காணோம்! தொழிலாளி எங்கெங்கோ ஓடி, வேறொரு மெஷினின் நீளமான போல்டை எடுத்து, வெட்டி, மரை போட்டுக் கொண்டுவர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவரை பிரஸ் சும்மா நின்றது.

தீர்வு எளியது. வேண்டிய போல்டுகளை முன்கூட்டியே சரிபார்த்துப் பெட்டியில் வைத்தார்கள். திறன் சுமார் 50 சதவீதம் உயர்ந்தது. புது மெஷின் தேவைப்படவில்லை.

மூன்று படிகள்

1. மெஷின் நின்றால்தான் செய்யக்கூடிய வேலை எது, ஓடும்போதே செய்யக்கூடியது எது என்று பிரித்தெழுதுங்கள்.

2. முதல் வகையில் முடிந்தவற்றை இரண்டாம் வகைக்கு மாற்றுங்கள். வார்ப்பு டையை மெஷினில் ஏற்றும் முன்பே சூடாக்கிவிடலாம்.

3. மீதியைச் சுருக்குங்கள். நட்டை 15 சுற்று சுற்றினாலும் இறுக்கிப் பிடிப்பது கடைசிச் சுற்றுதான். யூ வடிவ வாஷர் போட்டால் ஒரு சுற்று தளர்த்தி உருவிவிடலாம். டைகளின் உயரம் ஒன்றாக இருந்தால் அட்ஜஸ்ட்மென்ட் வேலையே இல்லை.

1969-ல் டொயோட்டாவில் 1000 டன் பிரஸ்ஸுக்கு டை மாற்ற 4 மணி நேரம் ஆனது. முதலில் அது 90 நிமிடமானது. பிறகு 3 நிமிடத்துக்கே வந்தது! 10 நிமிடத்துக்குள் மாற்றும் இம்முறைக்கு எஸ்.எம்.இ.டி. என்று பெயர்.

ஒரு வார்த்தை

நாளை நாம் சூப்பர்வைசர் ஆவோம். கையில் வாட்ச்சோடு தொழிலாளியை விரட்டுவது லீன் ஆகாது. அந்த ஜப்பான் தொழிலாளி சோம்பேறி அல்ல. வேர்க்க விறுவிறுக்க ஓடினார். குறை அவரிடம் இல்லை, ஏற்பாட்டில் இருந்தது. மிச்சமான நேரத்தைக் காட்டி ஆளைக் குறைத்தால், அடுத்த யோசனையை யாரும் நம்மிடம் சொல்ல மாட்டார்கள்.

அடுத்த ஒர்க்ஷாப் வகுப்பிலேயே தொடங்குவோம். முதல் வேலை, சக் கீக்கு ஓர் ஆணி அடிப்போம்!

– இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்