அடிமையின் காரியசித்தி

வேதபாடப் பகுதி: ஆதியாகமம் 39-ஆம் அதிகாரம்

யாக்கோபின் குமாரனாகிய யோசேப்பு 17 வயதில் 20 வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்டான் (ஆதி. 37:2, 28). எகிப்தில் பார்வோனுடைய பிரதானியாகிய போத்திபார் அவனை விலைக்கு வாங்கினான். தகப்பன் ஆசையாய்க் கொடுத்த அங்கி போயிற்று. வீடும், உறவும், தாய்மொழியும் போயின. அவனுக்குச் சொத்து என்று ஒன்றுமில்லை. அவனே இன்னொருவனுடைய சொத்தாயிருந்தான். இந்த நிலையில் இருந்த வாலிபனைத்தான் வேதம் 'காரியசித்தியுள்ளவன்' என்று அழைக்கிறது (ஆதி. 39:2).

இந்த வார்த்தையைச் சற்று நின்று கவனிக்கவேண்டும். காரியசித்தி என்றால் எடுத்த காரியம் கைகூடுவது. பழைய தமிழ் வேதாகமத்தில் பெரும்பாலும் 'வாய்த்தல்' என்று மொழிபெயர்க்கப்பட்ட எபிரெய வினைச்சொல்லே மூலத்தில் இங்கும் இருக்கிறது. ஆதியாகமம் முழுவதிலும் அந்தச் சொல் இரண்டே அதிகாரங்களில் வருகிறது. 24-ஆம் அதிகாரத்தில், ஈசாக்குக்குப் பெண் தேடிப் போன ஆபிரகாமின் ஊழியக்காரனுடைய பிரயாணத்தைக்குறித்து நான்குமுறை வருகிறது. 39-ஆம் அதிகாரத்தில் யோசேப்பைக்குறித்து மூன்றுமுறை வருகிறது: இரண்டுமுறை அடிமை வீட்டில், ஒருமுறை சிறைச்சாலையில்.

அதற்குப்பின் அந்தச் சொல் இல்லை. 41-ஆம் அதிகாரத்தில் பார்வோன் தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றி யோசேப்பின் கையில் போடுகிறான். மெல்லிய வஸ்திரம், பொற்சரப்பணி, இரண்டாம் இரதம் எல்லாம் வருகின்றன. இன்றைய மேடைகளில் சாட்சி சொல்லப்படுவது இந்த இடத்திலிருந்துதான். ஆனால் ஆதியாகமத்தை எழுதினவர் இங்கே 'காரியசித்தி' என்ற வார்த்தையை எடுக்கவே இல்லை. அதைச் சொல்லவேண்டிய இடத்தில் ஏற்கனவே சொல்லிவிட்டார். யோசேப்போ பிரபுவாயிருக்கும் நாட்களிலேயே தன் இரண்டாம் குமாரனுக்கு எப்பிராயீம் என்று பெயரிட்டு, எகிப்தைத் தான் சிறுமைப்பட்ட தேசம் என்று குறிப்பிடுகிறான் (41:52). கழுத்தில் பொன் கிடக்கும்போதும் அவனுக்கு அது சிறுமையின் தேசமே.

இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. பணித்தளங்களில் இதன்மேல் ஒரு பெரிய காரியம் தங்கியிருக்கிறது. வட இந்தியக் கிராமம் ஒன்றில் ஒரு குடும்பம் ஆண்டவரை ஏற்றுக்கொள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இயேசுவிடம் வந்தால் வயல் விளையும், கடன் தீரும், வீடு எழும்பும் என்று ஊழியர் ஒருவர் சொல்லியிருந்தால், அடுத்த வருஷம் மழை பொய்த்து எருமை சாகும்போது அந்தக் குடும்பத்துக்கு எஞ்சுவது என்ன? பழைய தெய்வத்தை விட்டதால் வந்த கேடு என்று உறவினர் சொல்லுவார்கள். விசுவாசம் குறைவு என்று ஊழியரும் சொல்லிவிட்டால், அவர்களுக்கு ஊரிலும் இடமில்லை, சபையிலும் இடமில்லை. முதல்நாளில் அவர்களுக்கு எது ஆசீர்வாதம் என்று சொல்லப்பட்டதோ, அதுவே பின்னாளில் அவர்களைத் தாங்கும் அல்லது தள்ளும்.

39-ஆம் அதிகாரம் இதற்கு அடித்தளம் இடுகிறது. கர்த்தர் யோசேப்போடே இருந்தார் என்பது அந்த அதிகாரத்தில் நான்குமுறை எழுதப்பட்டிருக்கிறது (வச. 2, 3, 21, 23). காரியசித்தி அந்த வாக்கியத்தின் பின்னே வருகிறது. ஒருபோதும் தனியாக வருவதில்லை. அடுத்து, அந்தக் காரியசித்தியினால் யாருடைய களஞ்சியம் நிரம்பியது என்று பார்க்கவேண்டும். போத்திபாருடைய களஞ்சியம். யோசேப்பினிமித்தம் அந்த எகிப்தியனுடைய வீட்டையும் வெளியிலுள்ள அவன் உடைமையையும் கர்த்தர் ஆசீர்வதித்தார் (வச. 5). யோசேப்பு அடிமையாகவே இருந்தான். பூமியின் வம்சங்களெல்லாம் ஆபிரகாமுக்குள் ஆசீர்வதிக்கப்படும் என்ற வாக்கு (12:3), அவனுடைய கொள்ளுப்பேரன் கூலியில்லாமல் உழைத்த ஒரு அந்நியன் வீட்டில் இப்படி நிறைவேறத் தொடங்கியது. ஆசீர்வாதம் அவன்மேல் தங்கி நின்றுவிடவில்லை. அவன் வழியாய்ப் பாய்ந்து மற்றவனுடைய வயலுக்குப் போயிற்று.

பின்பு பொய்க்குற்றம் சாட்டப்பட்டு அவன் சிறையில் அடைக்கப்படுகிறான். ஆசீர்வாதம் விலகிப்போயிற்று என்று யாரும் எண்ணக்கூடிய இடம் இது. ஆனால் அதிகாரத்தின் கடைசி வசனம், முதலில் போத்திபார் வீட்டில் சொன்னதையே சிறைச்சாலையிலும் சொல்லி முடிகிறது. சிறையின் கதவு அதனால் திறந்துவிடவில்லை. பானபாத்திரக்காரன் அவனை மறந்தபின் இன்னும் இரண்டு வருஷம் கடந்தது (41:1). அவன் பார்வோனுக்கு முன்பாக நின்றபோது வயது 30 (41:46). வீட்டைவிட்டுப் போய் ஏறக்குறைய 13 வருஷம். அந்த வருஷங்களைக் காத்திருப்பின் காலம் என்றே பிரசங்கங்களில் சொல்லுவது வழக்கம். வேதமோ அவற்றையே காரியம் வாய்த்த காலம் என்கிறது.

உபாகமம் 28-ஆம் அதிகாரம் வயலிலும் கூடையிலும் ஆசீர்வாதம் சொல்லவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அது சொல்லுகிறது, நீதிமொழிகள் 10:22-ம் சொல்லுகிறது. வேதம் ஐசுவரியத்தைப் பழிக்கவில்லை. ஆபிரகாமும் யோபுவும் ஐசுவரியவான்கள். அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பும் அப்படியே. ஆனால் உபாகமத்தின் வாக்கு, ஒரு தேசத்துக்குள் பிரவேசிக்கவிருந்த ஜனத்தோடு செய்யப்பட்ட உடன்படிக்கையைச் சேர்ந்தது. தனிமனிதன் ஒவ்வொருவனுடைய கணக்குப் புத்தகமும் அதைக் கொண்டு அளக்கப்படவில்லை. அதே உபாகமம் 15:11-இல் தேசத்தில் எளியவர்கள் இல்லாமல் போகமாட்டார்கள் என்று சொல்லி, கையைத் தாராளமாய்த் திறக்கக் கட்டளையிடுகிறது. எளியவன் சபிக்கப்பட்டவன் என்றால் இந்தக் கட்டளைக்குப் பொருளே இராது. நஷ்டம் வந்தால் அது பாவத்தின் அத்தாட்சி என்று யோபுவின் மூன்று சிநேகிதர் அநேக அதிகாரங்களில் வாதாடினார்கள். கடைசியில் கர்த்தர் கோபங்கொண்டது அவர்கள்மேல்தான் (யோபு 42:7).

இன்னொரு காரியமும் கவனிக்கத்தக்கது. யோசேப்புக்குச் சொல்லப்பட்ட அதே சொல் துன்மார்க்கனுக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. தன் வழியில் காரியசித்தியுள்ளவனைக் கண்டு எரிச்சலடையவேண்டாம் என்கிறது சங்கீதம் 37:7. ஆகாதவர்களின் வழி ஏன் வாய்க்கிறது என்று எரேமியா கர்த்தரோடே வழக்காடுகிறான் (எரே. 12:1). ஆகையால் கண்ணுக்குத் தெரியும் வெற்றி ஒருவனுடைய பக்திக்குச் சான்றிதழ் ஆகாது. ஆனால் அதே வினைச்சொல் ஏசாயா 53:10-இல் வருகிறது. அங்கே அடிக்கப்பட்டு, நொறுக்கப்பட்டு, தன் ஆத்துமாவைக் குற்றநிவாரண பலியாகக் கொடுக்கிற தாசனுடைய கையில் கர்த்தரின் சித்தம் வாய்க்கிறது. சிலுவையில் வஸ்திரமும் பறிக்கப்பட்டவரைக்குறித்து வேதம் இப்படிச் சொல்லியிருக்கும்போது, காரியசித்தி என்பதற்கு வேறு அளவுகோலை எங்கிருந்து கொண்டுவருவது?

'ஆபிரகாமின் ஆசீர்வாதம்' என்ற சொற்றொடரும் இந்நாட்களில் மந்தைகள், வெள்ளி, பொன் என்றே கேட்கப்படுகிறது. பவுல் கலாத்தியர் 3:14-இல் அதை விளக்குகிறார்: விசுவாசத்தினாலே ஆவியைப் பெறுவது. ஆபிரகாமின் கையில் வெள்ளியும் பொன்னும் இருந்தது மெய்தான். ஆனால் வாக்குத்தத்தம்பண்ணப்பட்ட தேசத்தில் அவன் விலைகொடுத்து வாங்கிய நிலம், சாராளை அடக்கம்பண்ண 400 சேக்கல் நிறை வெள்ளி கொடுத்த மக்பேலா நிலமும் அதிலுள்ள குகையுமே (ஆதி. 23).

வருஷப்பிறப்பு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் எரேமியா 29:11 மிகவும் பிரியமானது. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட நிருபம். 70 வருஷம் கழித்தே திரும்புவீர்கள் என்று முந்தின வசனம் சொல்லுகிறது. அதை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் பாபிலோனிலேயே மரித்திருப்பார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்டது, தங்களைச் சிறைப்பிடித்த பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபிக்கவேண்டும் என்பது (29:7). அந்த வசனம் அட்டைகளில் அச்சாவது அபூர்வம்.

புதிய ஏற்பாட்டில் இந்தப் பேச்சுக்கு அதிகமாய் எடுக்கப்படுவது 3 யோவான் 2. நீ எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கவேண்டும் என்று யோவான் காயுவை வாழ்த்துகிறார். தமிழில் 'வாழ்ந்து கெட்ட குடும்பம்' என்ற வழக்கு உண்டு. அங்கே வாழ்தல் என்பது செல்வத்தோடு இருப்பது. ஆகவே தமிழ்க் காதுக்கு இந்த வசனம் பணத்தையே நினைப்பூட்டுவதில் ஆச்சரியமில்லை. கிரேக்கச் சொல்லின் வேர்ப்பொருளோ நல்ல வழி, இடறலில்லாத பயணம். பவுல் அதே சொல்லை ரோமர் 1:10-இல் தன் ரோமாபுரிப் பயணம் வாய்க்கவேண்டும் என்ற ஜெபத்தில் வைக்கிறார். அந்த ஜெபம் கேட்கப்பட்டது. 276 பேரோடு கப்பல் உடைந்து, கைதியாய், ஒரு சேவகனுடைய காவலில் அவர் ரோமாபுரி சேர்ந்தார் (அப். 27:37, 28:16). பணத்தைத் தொட்டு அந்தச் சொல் வருமிடம் 1 கொரிந்தியர் 16:2. அங்கும் எருசலேமின் பரிசுத்தவான்களுக்குச் சேர்த்துவைக்கும் தர்மப்பணத்தைப்பற்றியே பேச்சு. காயுவும் தன்னிடம் இருந்ததைக் கொண்டு செய்தது அதுதான். புறஜாதியாரிடத்தில் ஒன்றும் வாங்காமல் புறப்பட்டுப்போன ஊழியர்களுக்கு, அவர்கள் அந்நியராயிருந்தும், வீட்டைத் திறந்து வழிவிட்டனுப்பினான் (3 யோவான் 5-8). இரண்டாம் வசனத்தை மேற்கோள் காட்டுபவர்கள் எட்டாம் வசனம் வரை வாசிப்பார்களானால் இந்திய மிஷனெரிகள் அநேகருக்கு நன்மையாயிருக்கும்.

இந்தியாவில் இந்தப் பாடம் காகிதத்தில் மட்டும் இருக்கவில்லை. 2008 ஆகஸ்டில், அன்று ஒரிசா என்று அழைக்கப்பட்ட மாநிலத்தின் கந்தமால் மாவட்டத்தில், கிறிஸ்தவர்களுடைய ஆயிரக்கணக்கான வீடுகள் எரிக்கப்பட்டன. உயிர்கள் பறிக்கப்பட்டன. ஜனங்கள் காடுகளுக்கு ஓடி, பின்பு நிவாரண முகாம்களில் மாதக்கணக்கில் தங்கினார்கள். சிறுகச்சிறுகச் சேர்த்த தானியம், மாடு, கூரை யாவும் ஒரே இரவில் போன குடும்பங்கள் அநேகம். ஆசீர்வாதம் என்பது வீடும் மாடும்தான் என்றால், அவர்களுடைய ஆசீர்வாதம் சாம்பலாயிற்று என்றே சொல்லவேண்டும். முகாமின் தார்ப்பாய்க் கூரையின்கீழ் ஜெபித்தவர்களிடம் போய் அப்படிச் சொல்ல எந்தப் பிரசங்கிக்குத் துணிவு வரும்? ஆதியாகமம் 39:21-ஐ அங்கே வாசிக்கலாம். கர்த்தர் சிறைச்சாலைக்கும் போனார்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் வங்காளத்தில் வேறொரு விதமாய் இதே பாடம் கற்கப்பட்டது. வில்லியம் கேரி 1793-இல் வந்து இறங்கினார். அடுத்த வருஷமே மகன் பீட்டர் மரித்தான். மனைவி டாரதி மனநோய்க்குள்ளானார். முதல் வங்காள விசுவாசி கிருஷ்ண பால் என்னும் தச்சர், 1800 டிசம்பர் 28 அன்று ஹூக்ளி நதியில் ஞானஸ்நானம் பெற்றார். ஏழு வருஷத்துக்கு ஓர் ஆத்துமா. அறிக்கை எழுதும் ஊழியர் எவருக்கும் இந்தக் கணக்கு கூச்சத்தைத் தரும். 1801-இல் கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியில் கேரிக்கு ஆசிரியப் பணி கிடைத்து, நல்ல வருமானமும் வந்தது. செராம்பூரில் அவரும் மார்ஷ்மனும் வார்டும் ஒரே பொதுப்பையை வைத்திருந்தார்கள். சம்பாதிப்பதெல்லாம் அதில் சேரும். குடும்பத்துக்குச் சிறிய படி மட்டும் எடுத்துக்கொள்ளுவார்கள். மீதி அச்சுக்கும் பள்ளிக்கும் மொழிபெயர்ப்புக்கும் போகும். 1812 மார்ச் 11 அன்று அச்சுக்கூடம் தீப்பற்றியது. காகிதமும், எழுத்துகளும், வருஷக்கணக்கான கையெழுத்துப் பிரதிகளும் வெந்துபோயின. அச்சு இயந்திரங்கள் தப்பின. உருகிய உலோகத்தைத் திரட்டி அவர்கள் மறுபடியும் எழுத்து வார்த்தார்கள்.

மாற்கு 10:30-இல் ஆண்டவர் வீடுகள், சகோதரர், நிலங்கள் என்று நூறத்தனையாக வாக்களிக்கும் பட்டியலில் துன்பங்களும் நடுவே நிற்கின்றன. பேதுருவின் பெயரில் நூறு வீட்டுப் பத்திரங்கள் எழுதப்படவில்லை. யோப்பாவில் தோல் பதனிடுகிற சீமோன் வீட்டிலும், செசரியாவில் கொர்நேலியு வீட்டிலும் அவனுக்கு வாசல் திறந்தது.

யோசேப்பு 110 வயதுவரை வாழ்ந்தான். அவன் விட்டுப்போன ஆஸ்தி எவ்வளவு என்று ஆதியாகமம் கணக்குச் சொல்லவில்லை. எபிரெயர் 11:22 அவனைப்பற்றி எழுதும்போது இரதத்தையும் மோதிரத்தையும் விட்டுவிட்டு, தன் எலும்புகளைக்குறித்து அவன் கொடுத்த கட்டளையை எடுத்துச் சொல்லுகிறது. எகிப்தில் ஒரு பெட்டியில் வைக்கப்பட்ட அந்த எலும்புகளை மோசே தன்னோடே எடுத்துக்கொண்டு போனான் (யாத். 13:19). இஸ்ரவேல் புத்திரர் அவற்றைச் சீகேமிலே, யாக்கோபு 100 வெள்ளிக்காசுக்கு வாங்கியிருந்த நிலத்தின் பங்கிலே அடக்கம்பண்ணினார்கள் (யோசு. 24:32).