கல்லறைத் தோட்டம்: பெயர் அழியாது பேணும் முறை

இங்கிலாந்தில் பழைய தேவாலயக் கல்லறைத் தோட்டங்கள் பல, புதிய அடக்கங்களுக்கு மூடப்பட்டுவிட்டன. இங்கிலாந்துத் திருச்சபைக்குரிய அத்தகைய தோட்டத்தின் பராமரிப்பை, 1972ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தின் 215ஆம் பிரிவின்படி நகர மன்றத்திடம் ஒப்படைக்கலாம். நினைவுக்கற்களோ நிறுவியோரின் உடைமையாகவும், அவர்கள் இறந்தபின் நினைவுகூரப்படுவோரின் வாரிசுகளின் உடைமையாகவும் தொடரும்.

கல்லைப் பளபளப்பாக்கும் நோக்கில் அமிலத்தையோ கம்பித் தூரிகையையோ பயன்படுத்தாதீர்கள். அமிலம் சலவைக்கல்லையும் சுண்ணாம்புக்கல்லையும் கரைக்கும். கம்பி எழுத்தின் விளிம்பைத் தேய்க்கும். அழுக்கோடு பெயரும் அழியும். தூய நீரும் மென்மையான தூரிகையும் போதும். படர்ந்த பாசியைச் சுரண்டினால் கல்லின் மேற்பரப்பும் உரியக்கூடும்.

சாய்ந்த கல்லைத் தாமே நிமிர்த்த முயலாமல், ஆலயக் குருவுக்கோ நகர மன்றத்துக்கோ அறிவியுங்கள். புதிய கல் நாட்டவும் எழுத்துப் பொறிக்கவும் முன் அனுமதி வேண்டும்.

மங்கிவரும் எழுத்துகளை இன்றே படியெடுத்து வையுங்கள். முன்னோரைத் தேடி வரும் பிள்ளைகளுக்கு அதுவே வழிகாட்டும்.