ஓடைகளை வரிசையாய் இணைத்தல்

மட்டாஞ்சேரியில் 1957இல் தோன்றிய இந்திய மிளகு, நறுமணப் பொருள் வணிகச் சங்கத்தைத் தோழர் பலர் அறிவர். மிளகு விலைப் பதிவுகள் ஏப்ரல், மே, ஜூன் என மூன்று கோப்புகளாக உள்ளன. அவற்றை ஒன்றாக்கி அனுப்ப வேண்டும் எனக் கொள்வோம். பெருங்கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றினால் வழங்கி திணறும். ஆதலின் சிறு துண்டுகளாய் ஓடவிடுகிறோம், அதுவே ஓடை.

2009இல் ரயன் டால் வெளியிட்ட நோட் ஜேஎஸ்ஸில் 'பைப்' என்னும் கட்டளை ஓர் ஓடையைச் சேருமிடத்தோடு இணைக்கும். மூன்றையும் ஒருசேர இணைத்தால் துண்டுகள் கலந்துவிடும்; எனவே ஒன்று முடிந்த பின்னரே அடுத்ததைத் தொடங்க வேண்டும். ஆனால் முதல் ஓடை வற்றியதும் 'பைப்' சேருமிடத்தையும் மூடிவிடும். பின்வரும் மே மாதத்துக்குக் கதவு திறவாது, பிழையே விடையாகும். ஆகவே கடைசி ஓடை நீங்கலாக ஏனையவற்றுக்கு 'எண்ட்' என்பதை 'ஃபால்ஸ்' என அமைத்தல் வேண்டும்.

நான் வற்புறுத்துவது இன்னொன்று. ஓர் ஓடை இடையில் பழுதுபட்டால் 'பைப்' அதைச் சேருமிடத்துக்கு அறிவிக்காது. ஒவ்வோர் ஓடைக்கும் பிழை கேட்கும் காவல் வையுங்கள். பிழை நேர்ந்தால் அரைகுறைக் கோப்பை அழித்துவிடுங்கள். பாதியில் நின்ற பட்டியலும் பார்வைக்கு முழுமையாகவே தோன்றும். அதை நம்பி விலை பேசுபவனுக்கே இழப்பு.