நூற்றெட்டு என்னும் எண்ணின் சிறப்பு

ஸ்ரீவைஷ்ணவ இல்லங்களில் சிறு குழந்தையும் அறிந்த எண் ஒன்று உண்டெனில் அது நூற்றெட்டேயாகும். திவ்ய தேசங்கள் 108. ஜபமாலையின் மணிகள் 108. அஷ்டோத்தர அர்ச்சனையில் திருநாமங்கள் 108. ஸ்ரீராமபிரான் திருவடி அனுமனுக்கு உபதேசித்ததாக அமைந்த முக்திகோபநிஷத்து எண்ணிக் கூறும் உபநிஷத்துக்களும் 108. 2005ஆம் ஆண்டில் ஆந்திரத்திலும் 2008ஆம் ஆண்டில் தமிழகத்திலும் தொடங்கிய ஆம்புலன்ஸ் சேவைக்கும் இவ்வெண்ணே தொலைபேசி எண்ணாக வாய்த்தது. அறிவியலும் இவ்வெண்ணின் பெருமையை மெய்ப்பித்துவிட்டது என்று பலரும் மகிழ்ந்து உரைப்பர். அவ்வுரைகளுள் மெய்யானவை எவை, மிகையானவை எவை என்று பகுத்தறிவது அடியார்களுக்குத் தகுதியான செயலே. ஸத்யஸ்வரூபனான எம்பெருமானுக்கு மிகையுரையால் ஆவது ஒன்றுமில்லை.

கணிதத்தில்

1, 2, 3 என்னும் எண்களை எடுத்துக்கொண்டு ஒன்றை ஒரு முறையும், இரண்டை இரு முறையும், மூன்றை மும்முறையும் பெருக்குக. 1 × 4 × 27 = 108 என வரும். ஐந்து பக்கங்களும் ஐந்து கோணங்களும் சமமான ஐங்கோணத்தில் கோணங்களின் கூட்டுத்தொகை 540 பாகை. ஆதலால் ஒவ்வொரு கோணமும் 108 பாகையாகும். மேலும் 1, 2, 3, 4, 6, 9, 12, 18, 27, 36, 54, 108 ஆகிய பன்னிரண்டு எண்களால் இது மீதியின்றி வகுபடும். முழு மாலை கிடைக்காதவர் 54 மணி மாலையை இருமுறையோ, 27 மணி மாலையை நான்குமுறையோ உருட்டி ஜபத்தை நிறைவு செய்ய இயல்வது இக்குணத்தினாலேயே. நூறு என்னும் எண்ணைக் கொண்டால் அதனை மூன்றாகவும் பங்கிட இயலாது, ஒன்பதாகவும் பங்கிட இயலாது.

ஜ்யோதிஷத்தில்

சந்திரன் விண்மீன்களினிடையே ஒரு சுற்று வருவதற்குச் சற்றேறக்குறைய 27⅓ நாட்கள் ஆகின்றன. அதனால் வான்வழி 27 நக்ஷத்திரங்களாகப் பகுக்கப்பட்டது. ஒவ்வொரு நக்ஷத்திரத்திற்கும் பாதங்கள் நான்கு. ஆக 108 பாதங்கள். பன்னிரு ராசிகளுள் ஒவ்வொன்றையும் ஒன்பது நவாம்சங்களாகப் பகுத்தாலும் 108 என்றே வருகிறது. 360 பாகை கொண்ட வட்டத்தில் ஒரு பாதத்தின் அளவு 3 பாகை 20 கலை. சந்திரனின் கணக்கும் சூரியனின் கணக்கும் பிணக்கின்றி ஒன்று சேரும் இடம் 108 ஆகும். கலியுகத்தின் அளவாகிய 4,32,000 ஆண்டுகளும் 108இன் நாலாயிரம் மடங்கே.

வானில்

சூரியனின் விட்டம் ஏறத்தாழ 13,92,700 கிலோமீட்டர். பூமியிலிருந்து அதன் சராசரித் தொலைவு 14,96,00,000 கிலோமீட்டர். தொலைவை விட்டத்தால் வகுத்தால் 107.4 கிடைக்கிறது. சந்திரனின் விட்டம் 3,475 கிலோமீட்டர், சராசரித் தொலைவு 3,84,400 கிலோமீட்டர், ஈவு 110.6. இவ்விரு ஈவுகளும் ஒன்றையொன்று நெருங்கி நிற்பதனால்தான் சூரியனைவிட விட்டத்தில் 400 மடங்கு சிறிய சந்திரன், பூரண கிரகணத்தின்போது அதனை முழுவதும் மறைக்கின்றது. பூமியின் பாதையும் சந்திரனின் பாதையும் சரியான வட்டங்கள் அல்லவாதலால் இவ்வெண்கள் கூடியும் குறைந்தும் வரும். எனவே வானம் காட்டுவது 108ஐ ஒட்டிய அளவே. துல்லியமான 108 அன்று.

தொலைவே அறியாத காலத்தில் முன்னோர் இதனை உணர்ந்திருக்க இயலுமா என்ற வினா எழலாம். உணர்ந்திருக்க இயலும். இந்த ஈவைக் காணத் தொலைவு வேண்டுவதில்லை. வானில் அவ்வொளி எத்தனை கலை அகலமாகத் தோன்றுகிறது என்று அளந்தாலே போதும். சூரிய ஸித்தாந்தம் சந்திரனின் விட்டத்தை 480 யோஜனை என்றும், அதன் பாதையின் சுற்றளவை 3,24,000 யோஜனை என்றும் கூறுகிறது. இவற்றை வகுத்துப் பார்த்தால் சந்திரனின் தொலைவு அதன் விட்டத்தைப்போல் சுமார் 107 மடங்கு ஆகும். சூரியனுக்கு அந்நூல் கூறும் 6,500 யோஜனை விட்டத்தையும் 43,31,500 யோஜனைச் சுற்றளவையும் கொண்டு கணக்கிட்டால் 106 வருகிறது. ஆயின் அதே நூல் பூமியின் விட்டத்தை 1,600 யோஜனை என்பதால், சூரியன் பூமியைப்போல் நான்கு மடங்கே பெரியதாகிறது. உண்மையில் அது 109 மடங்கு. கண்ணால் அளக்கக்கூடியதை முன்னோர் செவ்வையாக அளந்தனர். அளக்க இயலாததில் தவறினர். இரண்டையும் மறையாது கூறுவதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை. இந்த ஈவைக் கருதியே மாலைக்கு 108 மணி கோத்தனர் என்பதற்கோ சான்று இல்லை.

எனினும் மாலையில் ஓர் அழகு இருக்கிறது. 108 மணிகளை நெருக்கமாகக் கோத்த துளசி மாலையின் முடிச்சை அவிழ்த்து நேராக நீட்டி, ஒரு முனையில் கண்ணை வைத்து மறுமுனையிலுள்ள மணியை நோக்கினால், அம்மணி பூர்ண சந்திரன் தோன்றும் அளவினதாகவே தோன்றும். மணி சிறிதாயினும் பெரிதாயினும் முடிவு அதுவே. சூரியனை இவ்வாறு வெறுங்கண்ணால் நோக்கலாகாது. சந்திரனைக் கொண்டே சோதித்தறிக.

பிற இடங்களில்

ஜப்பானில் டிசம்பர் 31ஆம் நாள் இரவு பௌத்த ஆலயங்களில் மணியை 108 முறை ஒலிப்பர். மனிதனைப் பற்றும் மாசுகள் 108 என்பது அவர்கள் கொள்கை. 107 முறை பழைய ஆண்டிலும், எஞ்சிய ஒரு முறை புத்தாண்டு பிறந்த பின்னரும் ஒலிப்பது பல ஆலயங்களில் வழக்கம். பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரம் கூறும் கரணங்களும் 108. ராஜராஜ சோழன் 1010ஆம் ஆண்டில் நிறைவேற்றிய தஞ்சைப் பெரிய கோயிலில் அவற்றுள் 81 செதுக்கப்பெற்றுள்ளன. மீதமுள்ள 27 கற்கள் உருவமின்றியே நிற்கின்றன.

1984ஆம் ஆண்டில் ஜெர்மனியில் உருவாக்கப்பட்ட ஹாசியம் என்னும் தனிமத்தின் அணு எண் 108 என்பதையும் சிலர் சேர்த்துரைப்பர். தனிமங்கள் வரிசை எண் பெறும்போது 107க்கும் 109க்கும் இடையே 108 வந்தே தீரும். அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

திவ்ய தேசங்களில்

இனி நமக்கு உயிரான கணக்கைக் காண்போம். சோழ நாட்டில் 40, பாண்டிய நாட்டில் 18, மலைநாட்டில் 13, நடுநாட்டில் 2, தொண்டை நாட்டில் 22, வடநாட்டில் 12, திருநாடு 1. ஆக 108 என்பது பெரியோர் வகுத்த முறை. இக்கணக்கு விண்மீன்களிலிருந்தோ ஐங்கோணத்திலிருந்தோ வந்ததன்று. ஆழ்வார்களின் மங்களாசாஸனத்திலிருந்து வந்தது. பிள்ளைப் பெருமாள் ஐயங்கார் இத்தலங்களை முறைப்படுத்தி நூற்றெட்டுத் திருப்பதி அந்தாதி அருளினார்.

இல்லத்துச் சுவரில் மாட்டிய திவ்ய தேசப் படத்தில், ஸேவித்த தலங்களை ஒவ்வொன்றாகக் குறித்து வரும் அன்பர்கள் பலர். பத்ரிகாசிரமமோ 3,100 மீட்டர் உயரத்தில், ஆண்டில் ஏறக்குறைய ஆறு மாதமே நடை திறக்கும் தலம். ஸாளக்கிராமமாகப் போற்றப்படும் முக்திநாத் நேபாளத்தில் 3,700 மீட்டருக்கு மேல் உள்ளது. மூப்பும் பிணியும் வறுமையும் தடுக்க, பாதிக்கணக்கிலேயே நின்று, தம் பிறவி குறைப்பட்டதோ என்று வருந்துவோர் உண்டு. அவர்கள் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். நூற்றெட்டையும் இவ்வுடலோடு ஸேவித்து முடித்தவர் எவருமிலர். நிலவுலகில் உள்ளவை 106. திருப்பாற்கடலும் திருநாடும் காலால் நடந்து அடைவன அல்ல. அவன் அருளால் கிட்டுவன. எத்துணைச் செல்வரும் எத்துணை வலியுடையோரும் 106இல் நின்று கைகூப்ப வேண்டியவர்களே. அந்த இடத்தில் நாற்பது ஸேவித்தவரும் நான்கு ஸேவித்தவரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர்.

மதுரகவியாழ்வாரோ எந்தத் திவ்ய தேசத்து எம்பெருமானுக்கும் தனியே பதிகம் அருளினாரில்லை. தம் ஆசார்யனாகிய நம்மாழ்வாரையே பாடினார். கணக்கிட்டுப் பார்த்தால் அவர் பங்கு பூஜ்யமே. ஆயினும் ஆழ்வார்கள் வரிசையில் அவருக்கு இடம் குறைந்ததில்லை. எண் அடியாரை அளப்பதற்கன்று, நினைவு தவறாதிருத்தற்கே. மாலையை உருட்டும் விரல் அடுத்த மணியைத் தேடுவதுபோல், உள்ளம் அவன் திருவடியைத் தேடுமாயின் நூற்றெட்டின் பயன் நிறைந்ததாகும்.