காட்டு வித்தை, நகரத்து வீடு

மலையேற்றம் என்றாலே டென்ட், விலை உயர்ந்த கத்தி, முதுகுப்பை என்று பொருள்களைப் பற்றித்தான் பேச்சு போகிறது. ஆனால் காட்டில் நான் கற்றவற்றில் பெரும்பகுதி கைகொடுத்தது சென்னை அடுக்குமாடி வீட்டில்தான். டாப்ஸ்லிப் காட்டுப் பக்கம் எங்களுக்கு வழிகாட்டியாக வந்த மலசர் பழங்குடி அண்ணன் எதையும் தேவை வருமுன் செய்துவைப்பார். சாரல் விழுமுன் பைகள் தார்ப்பாய்க்குள் போயிருக்கும். இருட்டுமுன் டார்ச் கையில் இருக்கும். அந்தப் பழக்கத்தோடு சில கைவேலைகளும் சேர்ந்தால் வீட்டில் பாதிச் சிக்கல் வராது.

முடிச்சு

அடிக்கடி ஷூ லேஸ் அவிழ்கிறதா? கட்டியபின் குனிந்து பாருங்கள். பூ முடிச்சு ஷூவுக்குக் குறுக்காகப் படிந்திருந்தால் சரி. நீளவாக்கில் திரும்பி நின்றால் தப்பு. முதல் சுற்றில் வலது நுனி மேலே வந்தால், அடுத்த சுற்றில் இடது நுனி மேலே வர வேண்டும். இந்த ஒரு திருத்தம் போதும்.

இன்னொன்று, லாரிக்காரர்கள் தார்ப்பாயை இறுக்கப் போடும் கட்டு. கொடிக்கயிற்றின் ஒரு முனையைக் கிரில்லில் கட்டுங்கள். எதிர்ப்பக்கக் கொக்கியை எட்டுவதற்குச் சற்று முன்னால் கயிற்றில் ஒரு வளையம் போடுங்கள். மீதிக் கயிற்றைக் கொக்கியில் மாட்டித் திருப்பி, அந்த வளையத்துக்குள் விட்டு இழுத்துக் கட்டுங்கள். கை பலத்தைவிடக் கூடுதல் விசை கிடைக்கும். ஈரப் போர்வை போட்டாலும் கொடி அதிகம் தொய்யாது. பைக்கில் மூட்டை கட்டவும் இதுவேதான். கட்டும்போதே அவிழ்ப்பதையும் யோசிக்க வேண்டும் என்பார் அண்ணன். அதனால் கடைசிச் சுற்றை எப்போதும் இழுத்தால் அவிழும்படி விடுகிறேன்.

கத்தி

மழுங்கிய கத்திதான் கையை வெட்டும். அழுத்திப் பிடிக்க வேண்டியிருப்பதால் தக்காளித் தோலில் வழுக்கிவிடும். சாணைக்கல் இல்லையென்றால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்துங்கள். அடியில் மெருகில்லாத சொரசொரப்பான விளிம்பு இருக்கும், அதில் தீட்டலாம். கோணத்துக்கு ஒரு வழி: கத்தியைச் செங்குத்தாக நிறுத்துங்கள், பாதி சாயுங்கள், இன்னும் பாதி சாயுங்கள். அதுவே ஏறக்குறைய 20 டிகிரி. இரண்டு பக்கமும் ஒரே அளவு தீட்டினால் போதும்.

தண்ணீர்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் பல பகுதிகளில் மின்சாரம் போய், குடிநீருக்கும் தட்டுப்பாடு வந்தது. அதுபோன்ற நேரத்துக்குக் காட்டுப் பாடம் அப்படியே பொருந்தும். கலங்கிய நீரைத் தெளியவிட்டு, பழைய பருத்திப் புடவையை நாலு மடிப்பாக மடித்து வடிகட்டுங்கள். வங்கதேசக் கிராமங்களில் ரீட்டா கோல்வெல் குழுவினர் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி வடிகட்டிய வீடுகளில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. காலராக் கிருமி நீரிலுள்ள நுண்ணிய மிதவை உயிரினங்களின் மேல் ஒட்டிக்கொண்டு வருவதால் துணியில் தங்கிவிடுகிறது. துவைத்துத் துவைத்து நைந்த புடவையில் நூல் பிரிந்து துளைகள் சிறுப்பதால், புதியதைவிடப் பழையதே மேல்.

வடிகட்டினால் மட்டும் போதாது. நீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும். உதகைபோல 2,000 மீட்டருக்கு மேற்பட்ட ஊர் என்றால் மூன்று நிமிடம். டீசலோ ரசாயனமோ கலந்த வெள்ளநீரை எவ்வளவு கொதிக்கவைத்தாலும் குடிக்கக் கூடாது.

வானம்

மின்னல் தெரிந்ததும் விநாடிகளை எண்ணுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறத்தாழ 3 விநாடி. 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் விழுகிறது. துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போகாதீர்கள். கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் காத்திருங்கள்.

அடுப்பு

வாசலில் பொங்கல் வைக்கும்போது விறகு புகைந்தே சாகிறதென்றால் வரிசை தப்பியிருக்கிறது. முதலில் தேங்காய் நார் அல்லது காய்ந்த ஓலை, பிறகு தீக்குச்சிப் பருமன், பிறகு விரல் பருமன், கடைசியில்தான் மணிக்கட்டுப் பருமன். இடையில் காற்றுக்கு வழி விடுங்கள். தீ மூட்டும் இந்தப் பழக்கம் மட்டும் வீட்டு வாசலோடு நிற்கட்டும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் உயிரிழந்ததை மறக்கக் கூடாது. கோடைக் காட்டில் ஒரு பொறியே அதிகம்.

இருட்டு

டார்ச், தீப்பெட்டி, முதலுதவிப் பை மூன்றுக்கும் மாறாத இடம் ஒன்று வேண்டும். மின்சாரம் போன பிறகு தேடுவது வீண்வேலை. செடிகொடி உள்ள இடத்தில் இருப்பவர்கள் வெளியே கிடந்த ஷூவையும் ஹெல்மெட்டையும் உதறிப் பார்க்காமல் போட வேண்டாம். தேளும் பாம்புக்குட்டியும் தங்க அவை வசதியான இடம்.

இவற்றுக்கெல்லாம் பணம் செலவாகாது, பழக்கம்தான் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். இந்த வாரம் ஒரு முடிச்சை மட்டும் எடுத்துக்கொண்டு, கண்ணை மூடியும் போட வரும்வரை பழகுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். அவர்கள் நம்மைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள்.