முடி உதிர்தலும் போலிச் சிகிச்சைகளும்

2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பஞ்சாப் மாநிலத்தின் சங்ரூர் நகரில், வழுக்கையைப் போக்குவதாகக் கூறி ஒரு முகாம் நடத்தப்பட்டது. வந்தோரின் தலையில் ஒரு தைலம் பூசப்பட்டது. தலையைக் கழுவிய பின்னர்ப் பலருக்குக் கண்களில் எரிச்சலும் சிவப்பும் வீக்கமும் உண்டாயின. அறுபதுக்கு மேற்பட்டோர் மருத்துவமனையை நாட நேர்ந்தது. முகாம் நடத்தியோர்மீது போலீஸார் வழக்குப் பதிவு செய்தனர். இத்தகைய முகாம்களை நோக்கி மக்கள் திரள்வது ஏன்? தைலத்தால் பயன் பெற்றதாகச் சிலர் மனமாரக் கூறுவது எவ்வாறு? இவ்வினாக்களுக்குரிய விடை முடியின் இயல்பிலேயே அடங்கியுள்ளது.

முடியின் வாழ்க்கை

மனிதனின் தலையில் ஏறத்தாழ 1,00,000 முடிகள் உள்ளன. அவை ஒவ்வொன்றும் தோலுக்குள் புதைந்துள்ள மயிர்க்காலிலிருந்து முளைக்கின்றன. மயிர்க்கால்கள் யாவும் குழந்தை பிறக்கும் முன்னரே அமைந்துவிடுகின்றன. வெளியே தெரியும் முடி கெராட்டின் என்னும் புரதத்தாலான உயிரற்ற இழையாகும். எண்ணெய் அதற்கு மினுமினுப்பைத் தரலாம், சிக்கலைக் குறைக்கலாம், புதிய மயிர்க்காலைப் படைக்க இயலாது.

ஒரு முடி இரண்டு முதல் ஆறு ஆண்டுகள்வரை மாதத்திற்குச் சுமார் 1 செ.மீ. வீதம் வளர்கிறது. பின்னர் மூன்று மாதங்கள்போல் ஓய்வு கொண்டு உதிர்கிறது. அவ்விடத்தில் புதிய முடி முளைக்கிறது. ஆதலின், நாள்தோறும் 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயற்கையே, அது நோயன்று.

தைலத்திற்குக் கிடைக்கும் பொய்ப்பெயர்

கடுங்காய்ச்சல், பிரசவம், பட்டினி முதலியவற்றால் உடல் தளர்வுற்றால், வளரவேண்டிய முடிகள் பல ஒருசேர ஓய்வு நிலையை அடைகின்றன. இரண்டு மூன்று மாதங்கள் கழித்து அவை கொத்துக் கொத்தாக உதிர்கின்றன. காரணம் நீங்கிவிட்டால், பெரும்பாலோருக்கு அடுத்த சில மாதங்களில் முடி தானே வளர்ந்துவிடும். புழுவெட்டு எனப்படும் நாணய வடிவத் திட்டுகளும் பலருக்குத் தாமாகவே மறைவதுண்டு.

மனம் கலங்கியவர் தைலம் வாங்குவது உதிர்தல் மிகுந்திருக்கும் வேளையிலேயே. பின்னர் இயற்கையாக நேரும் வளர்ச்சி தைலத்தின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. பச்சைத் தண்ணீரைத் தடவியிருந்தாலும் அவருக்கு முடி வளர்ந்திருக்கும். அவர் பொய் கூறவில்லை; ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தவற்றைக் காரணமும் காரியமுமாகக் கொண்டுவிட்டார். பயன் காணாதவர்களோ வெட்கத்தால் வாய் திறப்பதில்லை. எனவே, சான்றுரைகள் எத்தனை திரண்டாலும் அவை நிரூபணமாகா. ஒரு சாராருக்கு மருந்தும், அவர்களை ஒத்த மற்றொரு சாராருக்கு மருந்தற்ற பூச்சும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதே தக்க சோதனை.

சோதனையில் தேறியவை

ஆண்களுக்கு நெற்றியோரத்திலும் உச்சியிலும் தோன்றும் வழுக்கை பரம்பரையாலும் ஹார்மோனாலும் விளைவது. இதற்கு மினாக்ஸிடில் பூச்சும், ஃபினாஸ்டிரைடு மாத்திரையும் மேற்கூறிய வகையில் சோதிக்கப்பட்டுள்ளன. அவையும் பலன் தரப் பல மாதங்கள் ஆகும். எல்லாருக்கும் ஒரே அளவில் பயன்படா. நிறுத்தினால் பயன் குன்றும். ஃபினாஸ்டிரைடு கருவிலுள்ள ஆண் குழந்தைக்குத் தீங்கு விளைவிக்கக்கூடும். ஆதலால் கர்ப்பிணிகள் அதனை உட்கொள்ளலாகாது. உண்மையான மருந்துக்கே இத்தனை வரம்புகள் இருக்க, “பதினைந்தே நாளில் அடர்ந்த முடி” என்னும் வாக்குறுதி ஐயத்திற்குரியது என்பது வெளிப்படை.

சட்டமும் இதனைக் கருதியுள்ளது. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் அடங்கிய ‘ஜே’ அட்டவணையில் வழுக்கையும் இடம்பெற்றுள்ளது. அவ்வட்டவணையில் கண்ட நோய்களைத் தடுப்பதாகவோ குணப்படுத்துவதாகவோ எம்மருந்தும் உரிமை பாராட்டலாகாது என்பது 106-ஆம் விதி.

காலந்தாழ்த்தலின் கேடு

போலிச் சிகிச்சையால் விளையும் நட்டம் பணம் மட்டுமன்று. முடி உதிர்தல் இரத்தச் சோகைக்கோ தைராய்டுக் கோளாற்றுக்கோ அறிகுறியாக இருக்கலாம். பள்ளிச் சிறுவர் தலையில் செதிலுடன் கூடிய திட்டுகள் காணப்பட்டால், அது தொற்றும் படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு உட்கொள்ளும் மருந்து தேவை. தைலம் தடவிக் காத்திருந்தால் நோய் பிற சிறுவருக்கும் பரவும். நிலையான தழும்பும் ஏற்படக்கூடும்.

ஓரூரில் பலருக்கு ஒருங்கே முடி உதிர்ந்தால் சுகாதாரத் துறைக்கு உடனே அறிவித்தல் வேண்டும். 2024-ஆம் ஆண்டின் இறுதியில் மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டச் சிற்றூர்களில் அவ்வாறு நேர்ந்தபோது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் ஆராய்ந்தனர். பாதிக்கப்பட்டோரின் இரத்தத்தில் செலினியம் மிகுந்திருக்கக் கண்டனர். இத்தகைய காரணத்தை எந்தத் தைலமும் நீக்காது.

வகுப்பிலும் கூட்டத்திலும்

ஆசிரியர் ஒரு விளம்பரத்தைக் கரும்பலகையில் எழுதி, மாணாக்கரைப் பின்வருமாறு வினவலாம்:

1. மருந்தில் அடங்கிய பொருள்கள் கூறப்பட்டுள்ளனவா?
2. எவ்வகை முடி உதிர்தலுக்கு என்று குறிக்கப்பட்டுள்ளதா?
3. மருந்து பெறாதவர்களுடன் ஒப்பிட்டுப் பார்த்தார்களா?
4. தீய விளைவுகள் சொல்லப்பட்டுள்ளனவா?

களப் பணியாளரும் இவ்வினாக்களையே மக்களிடம் எழுப்பலாம். வழுக்கையால் வருந்துவோரை எள்ளி நகையாடுதல் கூடாது; அந்த வருத்தமே போலி வைத்தியரின் மூலதனம். அவர்களை அன்புடன் அணுகி, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வழிகாட்டுதலே தக்க தொண்டாகும்.