பின்னோக்கி ஓடும் மாதிரி எஞ்சின்

கெமாஸ் – ஜொகூர் பாரு இரயில் பாதை 1909ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அத்தகைய பாதையில் ஓடும் எஞ்சினை 87இல் ஒரு பங்காகச் சுருக்கி, வீட்டு மேசைமேல் ஓடவிடுவோரும் உண்டு.

பழைய மாதிரி எஞ்சின் தண்டவாளத்தில் வரும் நேர்மின்சாரத்தால் ஓடும். மின்முனைகளை மாற்றினால் திசையும் மாறும். இலக்கவியல் முறையிலோ, தண்டவாளம் மின்சாரத்தோடு கட்டளையையும் சேர்த்தே கொண்டு வருகிறது. எஞ்சினுக்குள் பொருத்தும் டிகோடர் என்னும் சிறு மின்சுற்றுப் பலகை, அக்கட்டளையைப் படித்து மோட்டாரை இயக்குகிறது.

பழைய எஞ்சினை இவ்வாறு மாற்றியபின், ‘முன்னே செல்’ என்றால் அது பின்னே போவதுண்டு. முன்விளக்கு மட்டும் சரியாக எரியும். மோட்டாருக்குச் செல்லும் ஆரஞ்சு, சாம்பல் நிறக் கம்பிகள் இடம் மாறியிருப்பதே காரணம். தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் சிவப்பு, கறுப்புக் கம்பிகளை மாற்றிப் பயனில்லை. இலக்கவியல் ஓட்டத்தில் திசையை முடிவு செய்வது கட்டளைதான், அக்கம்பிகள் அல்ல.

பற்றவைக்கும் வேலைக்குச் சோம்பி, டிகோடரின் 29ஆம் அமைப்பில் உள்ள எண்ணோடு ஒன்றைக் கூட்டிவிடுவோர் உண்டு; 6 என்றிருந்தது 7 ஆகும். எஞ்சின் முன்னே ஓடும். ஆனால், இப்போது பின்விளக்கு எரியும்! அவ்வமைப்பு மோட்டாரை மட்டுமன்றி விளக்குகளையும் சேர்த்தே புரட்டிவிடுகிறது. விளக்கும் தவறான பக்கம் எரிந்திருந்தால் அது நல்ல வழிதான். விளக்கு சரியாக இருக்கும்போது, எஞ்சினைத் தண்டவாளத்திலிருந்து எடுத்து, மோட்டார்க் கம்பிகள் இரண்டையும் இடம் மாற்றிப் பற்றவைப்பதே முறை. பற்றவைத்த இடத்தை மின்காப்புக் குழாயால் மூட வேண்டும்; வெறுங்கம்பி உலோகச் சட்டகத்தில் பட்டால் டிகோடர் கருகிவிடும்.